ஒரு குரல் நாடகம்

1990ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து இல்லங்கள் சிலவற்றின் கூடங்களில் ஒரு நாடகம் நிகழ்ந்தது. திரையில்லை, ஒப்பனையில்லை, மேடையுமில்லை. அழைக்கப்பட்ட சிலர் முன்னிலையில், அதனை எழுதிய வாலஸ் ஷான் தாமே அமர்ந்து பேசினார். 'காய்ச்சல்' எனப் பொருள்படும் 'தி ஃபீவர்' அந்நாடகத்தின் பெயர்.

ஷான் 1943இல் பிறந்தவர். 1952 முதல் 1987 வரை 'நியூயார்க்கர்' இதழின் ஆசிரியராயிருந்த வில்லியம் ஷானின் மகன். கலையும் கல்வியும் வசதியும் அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தவை. அவற்றையே அவர் கூண்டிலேற்றினார்.

வறிய நாடொன்றின் விடுதியில் நோயுற்றுக் கிடக்கும் பெயரற்ற பயணியின் தன்னுரையே நாடகம். எவரோ வாசலில் வைத்துச்சென்ற மார்க்சின் 'மூலதனம்' நூலைப் படித்த நினைவு அப்பயணியை வாட்டுகிறது. விலைக்குப் பின்னே உழைத்தோர் வாழ்வு மறைந்திருப்பதை உணர்ந்தபின், ஒரு கோப்பைக் காபியும் எளிய பொருளாக இல்லை. தான் நல்லவர் என்னும் நம்பிக்கையும் தளர்கிறது.

வீடுகளைக் களமாகக் கொண்டதன் நியாயம் இங்கே விளங்குகிறது. குற்றஞ்சாட்டப்படுவோரும் கேட்போரும் ஒரே வகுப்பினர். ஆனால் நாடகம் விரைவில் பொது அரங்குக்குச் சென்றது. 1991இல் ஓபி விருது பெற்றது. 2004இல் வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடிக்கத் திரைப்படமாயிற்று. 2007இல் நியூயார்க்கில் மீண்டும் அரங்கேறியபோது, தொடக்கத்திற்கு முன் பார்வையாளர்க்கு மேடையிலேயே ஷாம்பெயின் வழங்கப்பட்டது. வசதியைச் சாடும் கலையும் வசதியானவர் நுகரும் பண்டமாகிவிடும் என்பதை ஷான் மறைக்கவில்லை. அதனையும் நாடகத்துள் சேர்த்தார். இரக்கத்தைப் பாடும் கவிஞர் எவர்க்கும் இவ்வினா பொதுவே.