குரோவர் வாஷிங்டன் ஜூனியர்

குரோவர் வாஷிங்டன் ஜூனியர் (1943–1999): அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர், மென் ஜாஸ் பாணியின் முன்னோடி. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பிறந்தார். ராணுவப் பணிக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் கிராஃபோர்டு ஒலிப்பதிவுக்கு வர இயலாமற்போக, அவருக்குப் பதிலாக வாசித்ததே முதல் ஆல்பமான 'இன்னர் சிட்டி புளூஸ்' (1971). 'மிஸ்டர் மேஜிக்' (1975) பெரும்புகழ் தந்தது.

'வைன்லைட்' (1980) அவருடைய உச்சம். கிராமி விருதும் பெற்றது. அதில் பில் விதர்ஸ் பாடிய 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம் பிடித்தது. ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் அப்பாடலில் பாடகர் குரலுக்கு வழிவிட்டே நிற்கும் சாக்ஸபோன், தன் முறை வந்ததும் தயங்காமல் விரிகிறது. பின்வந்தோர் பலரிடம் வெறும் இனிமையாகச் சுருங்கிய மென் ஜாஸ் பாணி, இவரிடம் புளூஸின் கனத்தை இழக்கவே இல்லை. 1999 டிசம்பர் 17 அன்று நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு வாசித்து முடித்த சற்று நேரத்தில் மாரடைப்பால் காலமானார்.