சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

எதிர்ப்பு என்றதும் நமக்கு ஊர்வலமும் கோஷமும்தான் ஞாபகத்துக்கு வரும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தின்போது வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது.

தோட்டத்தில் அதுதான் அன்றைய வழக்கம். தன் சொந்த சைக்கிளாகவே இருந்தாலும் மேலே இருப்பவன் கடந்து போகும்வரை கீழே நிற்க வேண்டும்.

ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் பட்டியலில் சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி இருந்தது. கூடவே பெண்களிடம் மேலாளர்கள் தவறாக நடப்பதை நிறுத்து, கள்ளுக்கடையை மூடு, உறவினர்களைத் தோட்டத்துக்குள் விடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு என்பவையும் இருந்தன. மே மாதம் நாதன் கைதானார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வேலை நிறுத்தம் பரவியது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கூலியைக் கூட்டினால் கம்பெனிக்குச் செலவு. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக விட்டால் அதற்கு ஒரு காசு நட்டமில்லை. அப்புறம் ஏன் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது? ஏனென்றால் தோட்டத்தின் அதிகாரம் செக்ரோலில் மட்டும் இல்லை. குனியும் முதுகில் அது தினமும் புதுப்பிக்கப்பட்டது.

ஜேம்ஸ் ஸ்காட் 1970-களின் இறுதியில் கெடா கிராமம் ஒன்றில் தங்கி, ஏழை விவசாயிகளின் மறைமுக எதிர்ப்பை ஆராய்ந்தார். வேலையை இழுத்தடிப்பது, முதலாளியைப் பற்றிப் புறம் பேசுவது, தெரியாததுபோல் நடிப்பது. லயத்திலும் இதெல்லாம் இருந்திருக்கும். ஆனால் முணுமுணுப்பு எழுத்தில் கோரிக்கையாகி துரையின் முன்னால் வந்தபோது அது வேறொன்றாகிவிட்டது. ஒருவன் மட்டும் இறங்காமல் போனால் அது திமிர். மறுநாள் வேலை போய்விடும். எல்லோரும் சேர்ந்து இறங்க மாட்டோம் என்றால் அது அரசியல்.

சோம்பேறிப் பூர்வகுடி என்பது காலனிய முதலாளித்துவம் தன் தேவைக்காகக் கட்டிய கதை என்று சையது ஹுசைன் அலாத்தாஸ் 1977-ல் எழுதினார். அவர் பேசியது மலாய், ஜாவா, பிலிப்பினோ மக்களைப் பற்றி. நமக்கும் ஒரு கதை கட்டப்பட்டது: தமிழன் சாது, சொன்னதைச் செய்வான். சங்கடம் என்னவென்றால், வெள்ளைக்காரன் போன பிறகும் நாமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'பாவம், கூலிங்க' என்ற நம் இரக்கத்துக்குள்ளும் அதே சாதுத் தமிழன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோரிக்கை துரையோடு நிற்கவில்லை, கிராணியையும் சேர்த்தது. கிராணிமார்களில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும். காலனியம் நம் ஆட்களின் கையாலும்தான் நடந்தது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலும் படிக்காமலே அந்தத் தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். இதை வெறும் கூலித் தகராறு என்று எழுதினால் அவர்கள் கேட்டதில் பாதியை நாமே அழித்துவிடுகிறோம்.