சந்தன்நகர்: கங்கைக் கரையில் ஒரு பாண்டிச்சேரி

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கல்கத்தா வந்தால் காளிகாட், பேலூர் மடம், விக்டோரியா மெமோரியல் என்று காட்டி ரயிலேற்றி விடுகிறோம். ஹௌராவில் பாண்டேல் லோக்கல் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் நம்ம பாண்டிச்சேரிக்குக் கூடப்பிறந்த ஊர் ஒன்று இருக்கிறது என்பது இங்கே வருஷக்கணக்காக இருக்கும் பலருக்கே தெரியாது. சந்தன்நகர். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் ஷாந்தெர்நகோர்.

1673 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கால் வைத்தார்கள். பிறகு ஓர்லியான் என்று ஒரு கோட்டை. ஆனாலும் 1731-ல் டூப்ளே வரும்வரை ஊர் தூங்கி வழிந்தது. ஆமாம், நம்ம ஆனந்தரங்கப் பிள்ளையின் துரை டூப்ளேதான்! மனுஷன் கம்பெனிப் பணத்தை மட்டும் நம்பாமல் சொந்தப் பணத்தையும் போட்டு சூரத், பஸ்ரா, ஜித்தா என்று கப்பல் விட்டார். இந்திரநாராயண் சௌதுரி என்ற வங்காளி அப்போது பிரெஞ்சுக் கம்பெனிக்கு வலதுகை. பிள்ளையைப் போல டைரி எழுதவில்லை, கோயில் கட்டினார். அந்த நந்ததுலால் கோயில் இன்றும் இருக்கிறது.

1742-ல் டூப்ளே கவர்னராகப் பாண்டிச்சேரி போனார். ஊரின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விட்டது.

1757 மார்ச்சில் கிளைவ் தரை வழியாகவும் வாட்சன் ஆற்று வழியாகவும் வந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல்களை ஆற்றில் மூழ்கடித்து வழியை அடைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஹூக்ளி ஃபௌஜ்தார் நந்தகுமார் நவாபின் படையோடு பக்கத்திலேயே இருந்தும் அசையவில்லை. மார்ச் 23 அன்று சில மணி நேரப் பீரங்கிச் சண்டையில் எல்லாம் முடிந்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23, பிளாசி. சந்தன்நகர் விழாமல் இருந்திருந்தால் சிராஜ் உத்தௌலாவுக்கு ஒரு துணை மிஞ்சியிருக்கும். நம் பாடப்புத்தகத்தில் பிளாசிக்கு ஒரு பக்கம், இதற்கு ஒரு வரிகூட இல்லை.

1763 ஒப்பந்தப்படி ஊர் திரும்பக் கிடைத்தது. ஆனால் வங்காளத்தில் கோட்டையோ படையோ கூடாது. அப்புறமும் இரண்டு முறை பறிபோய்த் திரும்பி வந்தது. 1815 ஒப்பந்தம் இன்னும் வேடிக்கை. பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பு முழுக்க இங்கிலீஷ்காரனுக்கு. பதிலுக்கு வருஷம் 4 லட்சம் ரூபாய், கூடவே விலைக்கு 300 பெட்டி அபின்! எதிராளி படியளக்க ஒரு காலனி நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் கடைசிவரை இருந்தது. எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் பிரிட்டிஷ் போலீஸுக்கு அதிகாரம் இல்லை. ராஷ் பிஹாரி போஸ் வளர்ந்தது இங்கேதான். 1910-ல் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து படகில் வந்து ஒளிந்ததும் இங்கேதான். சில வாரங்களில் ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்குப் போனார். பாண்டிச்சேரி ஆசிரமத்துக்குப் பிள்ளையார் சுழி இந்த ஆற்றங்கரையில்தான்.

1949 ஜூன் 19 வாக்கெடுப்பில் இந்தியாவோடு சேர 7,463 ஓட்டு, எதிர்த்து 114. 1950 மே 2-ல் நிர்வாகம் கைமாறியது. 1954 அக்டோபர் 2-ல் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. அதே மாதம் 18-ம் தேதி நம்ம பக்கம் கீழூரில் வாக்கெடுப்பு: 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஆனால் 1956 ஒப்பந்தத்தில் பாண்டிச்சேரிக்குத் தனி நிர்வாக அந்தஸ்து உண்டு, மக்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார்கள். அதனால்தான் அங்கே தனிச் சட்டசபை, முதலமைச்சர் எல்லாம். இங்கே ஒரு மாநகராட்சி மட்டும். சந்தன்நகர்க்காரர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றிலும் வங்காளம், ஒரே பாஷை. அவர்கள் தனியாக இருக்க ஆசைப்படவே இல்லை.

போகிறவர்கள் ஆற்றோர ஸ்ட்ராண்டில் நடந்துவிட்டு, டூப்ளே பெயர் சொல்லும் மாளிகையில் உள்ள மியூசியத்தைப் பாருங்கள். ஜகத்தாத்ரி பூஜை சமயம் என்றால் குழந்தைகள் கையை விடாதீர்கள், கூட்டம் தாங்காது.