தகரப் பெட்டிக்குள் ஒரு வீடு: கேம்பர் வேன் வளர்ந்த கதை

1960-இல் பிரிட்டனில் புது கார் வாங்கப் போனவர், அதன் மொத்த விற்பனை விலையின் மேல் 50 சதவீதம் 'பர்ச்சேஸ் டாக்ஸ்' கட்ட வேண்டியிருந்தது. சரக்கு வேனுக்கு இந்த வரி இல்லை. அந்த வருஷம் வந்த மினி வேன் அவ்வளவு விற்றதற்கு முக்கியக் காரணமே இதுதான். சரி, வேனை வாங்கி ஜன்னல் வெட்டி, பின்னால் சீட் போட்டு ஓட்டினால்? அப்போது அது கார் ஆகிவிடும், எடு வரியை என்பார்கள். ஆனால் அதே வேனுக்குள் படுக்கை, அடுப்பு, அலமாரி என்று நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் அது 'மோட்டார் கேரவன்'. அதற்கும் வரி கிடையாது!

இன்றைக்கு ஒரு பழைய வேனை வாங்கி வீடாக மாற்றுகிறவர்கள், எந்த மரம், எந்த அடுப்பு, எந்த ஃப்ரிட்ஜ் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாமான் பட்டியல் உருவானதில் பயணிகளின் ஆசைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு வரி அதிகாரிக்கும் உண்டு.

தொடக்கம் ஜெர்மனியில். பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947 ஏப்ரலில் தன் நோட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படம், 1950 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன் வேனாக உற்பத்திக்கு வந்தது. அடுத்த வருஷமே, வீடன்ப்ரூக் ஊரில் 1844 முதல் இயங்கிவந்த வெஸ்ட்ஃபாலியா கம்பெனி அதற்கு ஒரு 'கேம்பிங் பாக்ஸ்' செய்தது. மரப்பெட்டி ஒன்று, மடக்கினால் சோஃபா, விரித்தால் மெத்தை. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், அதைக் கழற்றி வைத்துவிடலாம். வாரம் முழுக்க வேனில் சரக்கு ஏற்று, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்று. போர் முடிந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்த நாட்டில், ஒரே வண்டி இரண்டு வேலை செய்தால்தான் கட்டுப்படியாகும்.

பிரிட்டனில் ஃபோக்ஸ்டன் ஊரைச் சேர்ந்த மார்ட்டின் வால்ட்டர் கம்பெனி, 1952-இல் வந்த பெட்ஃபோர்ட் சி.ஏ. வேனை எடுத்துக்கொண்டு 'டார்மொபைல்' செய்தது. பக்கவாட்டில் திறக்கும் கூரை, அதற்குக் கீழே கோடு போட்ட கேன்வாஸ் துணி. இந்தப் பெயர் அங்கே எவ்வளவு பரவியது என்றால், யார் செய்த கேம்பர் வேனையும் 'டார்மொபைல்' என்றே சொன்னார்கள். (நம் ஊரில் ஜெராக்ஸ் மாதிரி.)

இனி மரத்துக்கு வருவோம். ஓடும் வேன் எந்நேரமும் குலுங்கும், ராத்திரியில் ஈரம் கோர்க்கும். சாதாரணப் பலகை வளைந்துவிடும். ப்ளைவுட்டில் ஒவ்வொரு தாளும் முந்தையதற்குக் குறுக்காக ஒட்டப்படுவதால் வளையாது. ஆனால் பசை ஈரத்தில் விட்டால் எல்லாம் போச்சு. இரண்டாம் உலகப் போரில் 'மாஸ்கிட்டோ' என்ற மர விமானத்தையே செயற்கைப் பிசினால் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். போருக்குப் பிறகு அந்த வகைப் பசைகள் தச்சன் கைக்கும் வந்தன. 1962-இல் பி.பி.சி.யில் பாரி பக்னெல் ஒரு பழைய வீட்டைத் தானே புதுப்பித்துக் காட்டினார். வேலைக்கு ஆள் வைக்காமல் தானே ரம்பம் பிடிக்கும் பழக்கம் அங்கே நடுத்தரக் குடும்பங்களில் பரவிய காலம் அது.

ப்ளைவுட்டின் மேல் ஃபார்மிகா. இது 1912-இல் அமெரிக்காவில், மின்சாதனங்களில் மைக்காவுக்கு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 'மைக்காவுக்குப் பதில்' என்பதுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். நம் ஊர் ஆசாரிகளோ இந்த மாதிரி ஷீட்டையெல்லாம் சன்மைக்கா, மைக்கா என்றே கூப்பிடுகிறார்கள். மைக்காவை ஒழிக்க வந்தது கடைசியில் மைக்காவாகவே ஆகிவிட்டது :-)

எடையும் ஒரு பிரச்னை. 12 மி.மீ. கனத்தில் 8-க்கு 4 அடி பிர்ச் ப்ளைவுட் ஒன்று சுமார் 24 கிலோ. அதே அளவு பாப்லர் என்றால் 16 கிலோ பக்கம்தான். 1997-க்குப் பிறகு பிரிட்டனில் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் பொதுவாக 3,500 கிலோ வண்டிவரைதான் ஓட்டலாம். ஆளும் தண்ணீரும் அதற்குள் அடக்கம். அழகு பார்த்துக் கனமான பலகை போட்டவர் கடைசியில் தண்ணீர் டேங்கைச் சின்னதாக்க வேண்டியதுதான்.

உண்மையான ஆபத்து அடுப்பில். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் குளம்போலத் தேங்கும். அதனால்தான் சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை கட்டாயம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கிட்டே வந்தால் ஆவியாகவே மறுக்கும். குளிர்காலத்தில் புரோபேன்தான். குளிருக்குப் பயந்து காற்றோட்டத்தை அடைத்துவிட்டு அடுப்பை ஹீட்டராக எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் அலாரத்தின் விலை ஒரு நல்ல மெத்தையின் விலையில் சொற்பம். எந்த ஃப்ரிட்ஜ் என்று யோசிப்பதற்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

ஃப்ரிட்ஜ் கதை மாணவர்களுக்குப் பிடிக்கும். ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வான் பிளாட்டன், மன்டர்ஸ் என்ற இரண்டு பேர் 1922-இல், ஓடும் பாகமே இல்லாமல் வெப்பத்தால் குளிரூட்டும் ஃப்ரிட்ஜைச் செய்தார்கள். 1925-இல் எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. கேஸில் ஓடும், சத்தம் வராது. ஒரே குறை, வண்டி சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது. அதனால் இன்று பலரும் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் பக்கம் போய்விட்டார்கள்.

பேட்டரியில் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. சாதாரண லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். இப்போது வேன்களில் வைக்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அந்தப் பொருளைப் பற்றிய ஆய்வு 1997-இல் அமெரிக்காவில் குட்இனஃப் குழுவிலிருந்து வெளிவந்தது. அதற்கு வழிபோட்டது, 1980-களில் அவரோடு சேர்ந்து திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஆறுமுகம் மந்திரம் செய்த ஆராய்ச்சி. 2019-இல் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் மேடையில் நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

மறுபடி வரிக்கு. 1973 ஏப்ரல் 1-இல் பர்ச்சேஸ் டாக்ஸ் போய் 10 சதவீத 'வாட்' வந்தது. மோட்டார் கேரவனின் சலுகையும் அதோடு போனது. அந்த அக்டோபரில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் 'இது என்ன வண்டி' என்று அதிகாரி கேட்கும் கேள்வி மட்டும் நிற்கவில்லை. பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் ரொம்ப காலம் உள்ளே இருப்பதைத்தான் பார்த்தது: 6 அடிப் படுக்கை, பொருத்திய அடுப்பு, அலமாரி, மேசை. 2019-இலிருந்து வெளித்தோற்றமும் கேம்பர் போல இருக்க வேண்டும் என்று கறாராகப் பார்க்கத் தொடங்கினார்கள். உயர்ந்த கூரை, பக்கவாட்டு ஜன்னல்கள், வெய்யிலுக்குப் பந்தல் மாட்டும் கம்பி என்றெல்லாம் கேட்டார்கள். உள்ளே மாதக்கணக்கில் இழைத்து இழைத்து வீடு கட்டியவர்கள் பலருடைய பதிவுச் சான்றிதழில் இன்னும் 'ஜன்னல் வைத்த வேன்' என்றுதான் இருக்கிறது.