கோப்பில் உறங்கிய எச்சரிக்கை

பேரிடர்கள் அறியாமையால் விளைவன என்பது பொதுவான எண்ணம். அறிந்திருந்தும் திருத்தாமையால் விளைந்தவையும் உள. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம், புறப்பட்ட 73ஆம் நொடியில் சிதைந்து எழுவர் மாண்டமை அத்தகையது.

ஓடத்தை உந்திச் செல்லும் இரு திண்ம எரிபொருள் ராக்கெட்டுகளும் பகுதி பகுதியாகச் செய்து இணைக்கப்பட்டவை. இணைப்புகளின் வழியே வெப்ப வாயு கசியாவண்ணம் காத்தவை ரப்பர் வளையங்கள். அவ்வளையம் அரிக்கப்பட்டமை 1981ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டாம் பயணத்திலேயே தெரிந்தது. இணைப்பு பழுதுற்றால் ஓடமும் உயிர்களும் அழியும் என 1982இல் நாசா நிறுவனமே வகைப்படுத்தியது. மறு ஆண்டே விதிவிலக்கும் அளித்தது. 1985 ஜூலை 31ஆம் நாள், ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலி, உயிரிழப்பு நேரக்கூடும் எனத் துணைத்தலைவர் லண்டுக்கு எழுதினார். அவ்வாண்டில் பயணத்தடையும் விதிக்கப்பட்டது. ஆயினும் தொடர்ந்து ஆறு பயணங்களுக்கு அது தளர்த்தப்பட்டது.

கோப்புகளோடு நாளும் பழகும் நமக்கு இந்நிலை நன்கு விளங்கும். குறை எழுதப்பட்டது, உரிய படிகளைக் கடந்தது, கையொப்பமும் பெற்றது. இவ்வளவும் நடந்தபின், குறையே தீர்ந்துவிட்டாற்போன்ற தோற்றம் உண்டாயிற்று. சென்ற முறை தீங்கு நேரவில்லை என்பதே அடுத்த பயணத்துக்கு நியாயமும் ஆயிற்று.

ஜனவரி 27ஆம் நாள் இரவு தொலைபேசிவழி ஆலோசனை நிகழ்ந்தது. ஏறத்தாழ 12 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஓடத்தைச் செலுத்தலாகாது எனப் பொறியாளர் வாதிட்டனர். நாசா அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. தீங்கு நேராது என மெய்ப்பிக்க வேண்டியவர் எவரும் இல்லை. நேரும் என மெய்ப்பிக்கும் சுமை பொறியாளர் தலையில் விழுந்தது. பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிருவாகியின் தொப்பியை அணியுமாறு அதே லண்டிடம் மேலாளர் கூறினார். லண்டும் இசைந்தார். மறுநாள் ஓடம் புறப்பட்டபோது வெப்பநிலை 2 பாகையே. இரவில் நிகழ்ந்த வழக்கு, இறுதி முடிவெடுத்தோர் செவிக்கு எட்டவேயில்லை என்று ரோஜர்ஸ் ஆணையம் பின்னர்க் கண்டறிந்தது.

இணைப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டது. ஆனால் பழைய வழக்கம் மாறவில்லை. எரிபொருட் கலத்தின் மேலுள்ள காப்பு நுரை உதிர்ந்து ஓடத்தைத் தாக்குதல் தொடக்கந்தொட்டே அறிந்த குறை. 2002 அக்டோபரில் பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று ராக்கெட்டைத் தாக்கியது. எனினும் பயணங்கள் நிற்கவில்லை. 2003 ஜனவரி 16இல் கொலம்பியா எழுந்தபோது நுரை இடச்சிறகில் மோதியது. சேதத்தை அறியப் படமெடுக்குமாறு பொறியாளர் வேண்டினர். நிருவாகம் அதற்கு இசையவில்லை. பிப்ரவரி 1ஆம் நாள், திரும்பும் வழியில் ஓடம் சிதைந்தது. அரியானா மாநிலத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை இழந்தோம். நுரைக்கு நிகரான காரணம் நிறுவனத்தின் பண்பாடே என விசாரணைக் குழு உரைத்தது.

எச்சரிப்போரின்மையால் இப்பதினால்வர் மாளவில்லை. இடித்துரைப்போர் இருந்தனர், அவர்தம் சொல் எழுத்திலும் இருந்தது. அதனைப் படித்தவர், பயணத்தை நிறுத்தும் துணிவு பெற்றிலர். குறையைப் பதிவு செய்தலோடு கடமை முடிந்ததெனக் கருதும் அலுவலகம் எந்நாட்டில் இருப்பினும், இவ்வரலாறு அதற்கும் உரியதேயாம்.