சும்மா இருப்பா, வேலையா இருக்கேன்!

1912 ஏப்ரல் 14, ராத்திரி பதினோரு மணி சுமாருக்கு ‘கலிஃபோர்னியன்’ என்ற கப்பல் அட்லாண்டிக் நடுவே பனிக்கட்டிகளுக்கு மத்தியில் நின்றுகொண்டிருந்தது. அதன் ரேடியோ ஆபரேட்டர் சிரில் எவன்ஸ், அந்தப் பக்கம் வந்த இன்னொரு கப்பலுக்கு, ‘நாங்க நின்னுட்டோம், சுத்திலும் பனி’ என்று தட்டினார். அந்தக் கப்பல்தான் டைட்டானிக்!

டைட்டானிக்கின் ஆபரேட்டர் ஜாக் ஃபிலிப்ஸ், பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பும் மும்முரத்தில் இருந்தார். கிட்டத்திலிருந்து வந்த எவன்ஸின் சிக்னல் காதைப் பிளந்தது. தூரத்துக் கேப் ரேஸ் நிலையத்தின் மெல்லிய சிக்னலை அது அமுக்கிவிட்டது. கடுப்பில் அவர் கொடுத்த பதிலின் சாரம்தான் நம் தலைப்பு. எவன்ஸ் சற்று நேரம் பொறுத்துவிட்டு, கருவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். 11.40-க்கு மோதல். 1,500-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

ஃபிலிப்ஸை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அன்றைய டிரான்ஸ்மிட்டர் என்பது இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே பாயும் தீப்பொறி. ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1887-ல் ரேடியோ அலையை உண்டாக்கியதும் இதே வித்தையால்தான். தீப்பொறிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு அலைவரிசையில் அடக்கமாகப் பேசாது; சந்தையில் கத்துகிற மாதிரி நாலா பக்கமும் சிதறும். 1927-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு, இந்த டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக ஒழிக்க முடிவு செய்தது.

ஒழிந்ததா? அதுதான் இல்லை. மோட்டார் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

ஸ்பார்க் ப்ளக் என்பது வேறென்ன, நிமிடத்துக்குச் சில ஆயிரம் தடவை வெடிக்கும் தீப்பொறிதானே? லைசென்ஸ் இல்லாத டிரான்ஸ்மிட்டர். இப்படிப்பட்ட இரைச்சலை அளந்து அடக்குவதற்காகவே சி.ஐ.எஸ்.பி.ஆர். என்ற சர்வதேசக் கமிட்டி 1934-ல் பாரிஸில் கூடியது.

நம்மூரில் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டது. தெருவுக்குத் தெரு மொபெட். இலங்கை வானொலியில் நல்ல பாட்டு போகும்போது வாசலில் ஒரு வண்டி கடந்தால் ‘கர்ர்ர்’ என்று இரைந்ததும், தூர்தர்ஷனில் புள்ளி புள்ளியாக விழுந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கலாம். வைத்தியம் ரொம்ப மலிவு. ஸ்பார்க் ப்ளக்கின் தொப்பிக்குள் சில ஆயிரம் ஓம்கள் கொண்ட ஒரு ரெசிஸ்டர். வண்டி ஓடும், இரைச்சல் அடங்கும்.

அடங்கியதா என்று எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தி என்ஜினை ஓட்டி, பத்து மீட்டர் தள்ளி ஆன்டெனா வைத்து, 30 முதல் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு அலைவரிசையாகக் காது கொடுப்பார்கள். கோட்டைத் தாண்டினால் ஃபெயில். இந்தியாவில் வாகனங்களுக்கான இந்தத் தரக்குறிப்பின் பெயர் ஏ.ஐ.எஸ்.-004. ஒரகடத்திலும் இதற்குச் சோதனைக்கூடம் இருக்கிறது.

இப்போது ஓசூரில் ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஓலா என்று எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது. ஆனால், மோட்டார் கண்ட்ரோலர் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. அதுவும் இரைச்சல்தான். போதாக்குறைக்கு ப்ளூடூத், சிம் கார்டு என்று நிஜ டிரான்ஸ்மிட்டர்களே உள்ளே இருக்கின்றன. அதனால் சோதனை இரண்டு பக்கமும் வேண்டியிருக்கிறது. வண்டி பக்கத்து வயர்லெஸ்ஸைக் கெடுக்கக் கூடாது. வெளியிலிருந்து வரும் அலையால் மோட்டார் தானாக முறுக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. முதலாவது தவறினால் பாட்டு கெடும். இரண்டாவது தவறினால் ஆள் போய்விடும்!

அலைக்கு எல்லை தெரியாது என்பதை ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அத்திப்பள்ளியைத் தாண்டும் முன்பே கர்நாடக டவர் செல்போனைப் பிடித்து, ரோமிங் காசு பிடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அங்கே போனது சில ரூபாய். அட்லாண்டிக்கில் போனதற்குக் கணக்கே கிடையாது.

நீ பேசு, வேண்டாமென்று சொல்லவில்லை. பக்கத்து ஆள் ‘பனி’ என்று கத்தினால் அதுவும் கேட்கவேண்டும். அந்தச் சர்டிஃபிகேட்டின் அர்த்தம் அவ்வளவுதான்.