மார்பகப் புற்றுநோய்: ஆபத்தைக் குறைக்கும் வழிகள்

மார்பகத்திலுள்ள பால் நாளங்கள், பால் சுரப்பிகள் ஆகியவற்றின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் மார்பகப் புற்றுநோய் உண்டாகிறது. இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டதாகவும், சுமார் 98 ஆயிரம் பேர் இதனால் உயிரிழந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. சென்னையில் 1982 முதல் பேணப்பட்டு வரும் புற்றுநோய்ப் பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. இன்று அவ்விடத்தில் மார்பகப் புற்றுநோய் உள்ளது.

இந்நோய் வரவே வராது என்று எவருக்கும் உறுதி கூற இயலாது. ஆயினும் அது வரும் வாய்ப்பைக் குறைக்கவும், வந்தால் தொடக்கத்திலேயே கண்டறியவும் உங்களால் இயலும். இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான பாதுகாப்பு.

மாற்ற இயலாத காரணிகள்

பெண்ணாகப் பிறந்திருத்தலும் வயது கூடுதலும் இந்நோய்க்கான முதன்மையான காரணிகள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இவ்விரண்டைத் தவிர வேறு குறிப்பிட்ட ஆபத்துக் காரணி எதுவும் இருப்பதில்லை. எனவே நோய் வந்தவரை, "என்ன தவறு செய்தாய்?" என்று கேட்பதற்கு மருத்துவ அடிப்படை ஏதுமில்லை. ஆண்களுக்கும் இந்நோய் வரக்கூடும். மொத்த நோயாளிகளில் அவர்கள் 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு.

பின்வருவனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன:

- 12 வயதுக்கு முன்பே பூப்படைதல். 55 வயதுக்குப் பின் மாதவிடாய் நிற்றல்
- குழந்தை பெறாதிருத்தல் அல்லது முதல் குழந்தையை 30 வயதுக்குப் பின் பெறுதல்
- தாய், உடன்பிறந்தவர், மகள் ஆகியோரில் எவருக்கேனும் மார்பகப் புற்றுநோய் ஏற்பட்டிருத்தல்
- இளவயதில் வேறு நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல்

இவற்றுள் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மார்பக உயிரணுக்கள் எவ்வளவு நெடுங்காலம் இந்த ஹார்மோனின் தூண்டுதலுக்கு உட்படுகின்றனவோ, அவ்வளவுக்கு ஆபத்தும் கூடுகிறது. கீழே கூறப்படும் வழிகள் பலவும் இத்தூண்டுதலைக் குறைப்பவையே.

நீங்கள் செய்யக்கூடியவை

உடல் எடையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். மாதவிடாய் நின்ற பின் சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது. அதன்பின் உடலின் கொழுப்புத் திசுவே அந்த ஹார்மோனின் முக்கிய ஊற்றாகிறது. ஆகவே அவ்வயதில் உடற்பருமன் இருந்தால் மார்பகப் புற்றுநோயின் ஆபத்தும் கூடுகிறது. கிலோகிராமில் உங்கள் எடையை, மீட்டரில் உங்கள் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் கிடைக்கும். இந்தியர்களுக்கு இது 23க்குக் கீழ் இருப்பது நல்லது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

உடலுழைப்பை அன்றாட வழக்கமாக்குங்கள். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் விரைவாக நடந்தாலே குறைந்தபட்ச அளவு நிறைவேறிவிடும். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகம்.

மதுவையும் புகையிலையையும் தவிருங்கள். மது, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என உறுதி செய்யப்பட்ட ஒன்று. மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை; குறைந்த அளவும் ஆபத்தைச் சற்றுக் கூட்டுகிறது.

தாய்ப்பால் கொடுங்கள். 30 நாடுகளில் நடைபெற்ற 47 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2002ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதங்களுக்கும் மார்பகப் புற்றுநோயின் ஆபத்து சுமார் 4.3 விழுக்காடு குறைகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்த மாதங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பின்னர் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடரலாம். இது தாயின் மனவுறுதியால் மட்டும் நிறைவேறக்கூடியதன்று. குடும்பத்தினரும் பணியிடமும் துணைநிற்க வேண்டும். சட்டப்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும்; தாய் நாள்தோறும் நான்கு முறை அங்கு சென்றுவர அனுமதி உண்டு. தாய்ப்பால் கொடுக்க இயலாமற்போன பெண்கள் அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஏனைய வழிகள் அவர்களுக்கும் பயன் தரும்.

ஹார்மோன் மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் தொல்லைகளுக்காக ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து நெடுநாள் உட்கொள்வது மார்பகப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் இப்பகுதி, இக்காரணத்தை முன்னிட்டு 2002ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. கருத்தடை மாத்திரைகள் உட்கொள்ளும் காலத்தில் ஆபத்து சிறிதளவே கூடுகிறது; நிறுத்திய பின் அது படிப்படியாக மறைகிறது. அம்மாத்திரைகள் சூலகப் புற்றுநோயின் ஆபத்தைக் குறைக்கவும் செய்கின்றன. ஆகவே அச்சத்தால் நீங்களாகவே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

குடும்பத்தில் நோய் இருந்தால்

மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 விழுக்காடு வரை மரபுவழியாக வருபவை. இவற்றில் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் இரு மரபணுக்களில் ஏற்படும் மாற்றங்கள் முக்கியமானவை. இம்மாற்றம் தாய்வழியில் மட்டுமன்றித் தந்தைவழியிலும் வரும். எனவே அத்தை, தந்தைவழிப் பாட்டி ஆகியோரின் நோய் விவரங்களையும் மருத்துவரிடம் கூறுங்கள். நெருங்கிய உறவினர் பலருக்கு மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் ஏற்பட்டிருந்தாலோ, ஒருவருக்கு இளவயதிலேயே வந்திருந்தாலோ மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு அடிக்கடி பரிசோதனை, ஆபத்தைக் குறைக்கும் மருந்து, தடுப்பு அறுவை சிகிச்சை ஆகிய வழிகள் உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் பக்கவிளைவுகள் உண்டு என்பதால் வல்லுநருடன் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

தவறான நம்பிக்கைகள்

உள்ளாடை அணிவதாலோ, வியர்வை நாற்றத்தைப் போக்கும் பூச்சுகளாலோ, மார்பில் அடிபடுவதாலோ மார்பகப் புற்றுநோய் வருவதாகச் சான்று இல்லை. இது தொற்றுநோயன்று. நோயாளியைத் தொடுவதாலோ அவருடன் உணவு பகிர்வதாலோ பரவாது. ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிப்பதால் கட்டி புற்றுநோயாக மாறிவிடும் என்பதும் தவறு.

வலி இல்லை என்று காத்திருக்க வேண்டாம்

மார்பகப் புற்றுக்கட்டிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் பலர் மாதக்கணக்கில் காலம் தாழ்த்துகின்றனர். வெளியே சொல்லக் கூச்சப்பட்டும், வீட்டு வேலைகளைக் கருதியும் தள்ளிப்போடுவோர் உண்டு. தொடக்க நிலையில் கண்டறியப்படும் நோயைப் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். பலருக்கு மார்பகத்தை முழுமையாக அகற்றாமலேயே சிகிச்சை அளிக்கவும் இயலும். பின்வரும் மாற்றங்களில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரை அணுகுங்கள்:

- மார்பகத்திலோ அக்குளிலோ புதிய கட்டி அல்லது தடிப்பு
- மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ மாற்றம்
- தோல் குழிதல், சிவத்தல், அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போல் தடித்தல்
- மார்புக் காம்பு புதிதாக உள்ளிழுத்தல், ஆறாத புண் அல்லது செதில்
- காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு

பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆயினும் அதைக் கட்டியைத் தொட்டு நீங்களே முடிவு செய்ய இயலாது. முதன்முதலில் மருத்துவரிடம் சென்ற நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் நிர்ணயம் முடிவடைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

பரிசோதனையின் பயன்

பரிசோதனை நோயைத் தடுப்பதில்லை. நோயால் நேரும் உயிரிழப்பைத் தடுக்க உதவுகிறது. மும்பையில் சுமார் 1 லட்சத்து 51 ஆயிரம் பெண்களிடம் 20 ஆண்டுகள் நடந்த ஆய்வு இதற்குச் சான்று. அதில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைகளால் மார்பகப் பரிசோதனை செய்தனர். இப்பரிசோதனை பெற்றவர்களிடம் நோய் முந்தைய நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றுநோய் உயிரிழப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

தேசியத் திட்டத்தின்படி 30 வயதைக் கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஐயம் எழுந்தால் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், திசுப் பரிசோதனை ஆகியவற்றுக்காக மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள். தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெறலாம். ஐயங்களுக்கு 104 என்னும் மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

உங்களுக்கு 30 வயது கடந்திருந்து இதுவரை பரிசோதனை செய்துகொள்ளவில்லை எனில், அடுத்த முறை குழந்தைக்குத் தடுப்பூசி போடவோ பெரியவர்களுக்கு மருந்து வாங்கவோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது உங்களுக்கான பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். மேலே கூறிய மாற்றங்களுள் ஏதேனும் இருந்தால் அதுவரை காத்திராமல் இன்றே செல்லுங்கள்.